மகளுக்கு ஜூனியர்

பெற்ற மகளை 'அக்கா' என்று கூப்பிட வேண்டிய கொடுமை உலகத்தில் வேறு எந்தத் தாய்க்காவது வந்திருக்குமா, தெரியவில்லை. எனக்கு வந்தது. ஒரு நாள் கூத்தில்லை, தினமும். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, "சாப்பாட்டு டப்பாவை மறந்துடாதடி" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, ஒரே பஸ்ஸில் அவள் முன்வாசலிலும் நான் பின்வாசலிலுமாக ஏறிப் போவோம். நர்ஸிங் பள்ளியின் கேட்டைத் தாண்டியதும் நான் ஓரமாக ஒதுங்கி நின்று, "குட் மார்னிங் அக்கா" என்பேன். அவள் என்னைப் பார்க்காமலேயே தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

அந்தப் பள்ளியின் வழக்கம் அப்படி. முதல் வருஷத்துக்காரர்கள் இரண்டாம் வருஷத்துக்காரர்களைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், 'அக்கா' என்றுதான் கூப்பிட வேண்டும். வயதெல்லாம் அங்கே செல்லாது. என் மகள் இரண்டாம் வருஷம். போதாக்குறைக்கு அந்த வகுப்புக்கே லீடர். நான் முதல் வருஷம். வயது நாற்பத்து மூன்று.

அவளைச் சேர்க்கத் துணைக்குப் போன அன்றுதான் எனக்குச் சனி பிடித்தது. அலுவலக வாசல் பலகையில் 'வயது வரம்பு நாற்பத்தைந்து' என்று எழுதியிருந்தது. அட, இன்னும் காலம் இருக்கிறதே என்று மனசுக்குள் ஏதோ துள்ளியது. நர்ஸ் ஆகணும் என்று சின்ன வயதில் நான் சொன்னதற்கு வீட்டில் தையல் மெஷின் வாங்கி முன்னால் உட்கார வைத்தார்கள். இருபது வருஷம் மிதித்தேன். ஊரில் பாதிப் பேர் என் தையலைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அப்புறம் எல்லாரும் ரெடிமேட் கடைக்குப் போனார்கள். எனக்கு வந்ததெல்லாம் ஜிப் மாற்றுவதும் கால் மடிப்பதும்தான். மறு வருஷம் நானும் விண்ணப்பம் போட்டேன், இடமும் கிடைத்தது. மெஷினை விற்றுவிட்டுக் கடையைக் காலி செய்தேன்.

அதே பள்ளியில் சேரப்போகிறேன் என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"உனக்கு வேற பள்ளிக்கூடமே கிடைக்கலையா?" என்றாள்.

"பக்கத்துல இது ஒண்ணுதானடி இருக்கு."

"சரி, வா. ஆனா அங்க நீ எனக்கு அம்மா இல்ல. யாருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். வயதுப் பெண், கூடப் படிப்பவர்கள் கேலி செய்வார்களே என்று பயப்படுகிறாள், சரி என்று நினைத்தேன். நினைக்கிறது சுலபம். தினம் தினம் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறவளுக்குத்தான் தெரியும்.

என் வகுப்புப் பெண்களுக்கு நான் 'ஆன்ட்டி'. நல்ல பிள்ளைகள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் தையல்காரி என்று என்றைக்குத் தெரிந்ததோ அன்றோடு என் நிம்மதி போயிற்று. "ஆன்ட்டி, பட்டன் அறுந்துடுச்சு." "ஆன்ட்டி, இந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம் மடிச்சுக் குடுங்களேன்." எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டிய இடைவேளையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பேன். நான் படிக்க வந்தேனா, பட்டன் தைக்க வந்தேனா?

அந்த நூலால்தான் எல்லா வினையும். இருபது வருஷமாக நூலைப் பல்லால் கடித்தே பழகியவள் நான். கத்தரிக்கோல் மடியிலேயே இருக்கும், ஆனாலும் கை அங்கே போகாது, வாய்க்குத்தான் வரும். முதல் செய்முறைப் பரீட்சையில் காயத்துக்குக் கட்டுப் போடச் சொன்னார்கள். கை கழுவியது, பஞ்சை எடுத்தது, துடைத்தது எல்லாம் கச்சிதம். கடைசியில் துணியை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டரை இழுத்தேன். மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கினேன். கறுக்கென்று கடித்தேன். வெளியிலிருந்து பரீட்சைக்கு வந்திருந்த பெரிய மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

"என்னம்மா பண்றீங்க? பேஷண்டோட காயத்துல உங்க எச்சிலையா ஒட்டப்போறீங்க?"

ஃபெயில். எங்கள் வகுப்பு டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். நிமிஷத்துக்கு ஒரு தரம் கையைத் திருப்பி மணி பார்ப்பதால் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "இன்னொரு வாய்ப்புதான் இருக்கு. அதுலயும் போச்சுன்னா படிப்பை விட்டு நிறுத்திடுவாங்க. எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

வீட்டில் என் வீட்டுக்காரர் சாயங்காலமானால் ஆரம்பித்துவிடுவார். "பேசாம மறுபடியும் கடை போட்டுடலாமே?" எதை வைத்துப் போடுவது? மெஷின் போய்விட்டது, கடையில் இப்போது எவனோ செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஃபெயிலாகி வீட்டில் உட்கார்ந்தால் நான் தையல்காரியும் இல்லை, நர்ஸும் இல்லை. "நீங்க சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

ஃபெயிலானவர்களுக்குச் சீனியர்கள்தான் பயிற்சி கொடுக்க வேண்டும், அதுவும் அங்கே ஒரு வழக்கம். எனக்கு யார் வந்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். லீடர் அக்காதான்.

"ஆன்ட்டி, கை மறுபடியும் வாய்க்குப் போகுது" என்பாள், எல்லார் முன்னாலும். நான் நகம் வெட்டிவிட்டு வளர்த்த விரல்களால் என் மணிக்கட்டைத் தட்டுவாள். "துண்டுகளை முதல்லயே வெட்டி டிராலி ஓரத்துல ஒட்டி வச்சுக்கங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரிங்க அக்கா." பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். பல்லைக் கடிக்கத்தான் எனக்கு நன்றாக வருமே.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, அத்தனை பேர் முன்னாடி அப்படியா விரட்டுவ?"

"நீ ஃபெயிலாகிப் போனா எனக்கு நல்லாவா இருக்கும்?" என்று அவளும் சீறினாள். அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்தாள். "ஒண்ணு பண்ணு. கட்டுப் போடும்போது பேஷண்ட்கிட்ட பேசிக்கிட்டே இரு. வாய் பேசிக்கிட்டு இருந்தா கடிக்காது. உனக்குத்தான் பேசச் சொல்லித் தரவே வேண்டாமே."

பரீட்சை நாள். இரண்டாம் வருஷப் பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பேஷண்டாகப் படுக்க வைப்பார்கள். கையில் ரப்பர் காயம் ஒன்றைக் கட்டிவிடுவார்கள். திரையை விலக்கிக்கொண்டு போனால் கட்டிலில் என் மகள். போச்சுடா என்று நினைத்தேன்.

அதே பெரிய மேடம். என்னைப் பார்த்ததும் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் சொந்தமா, தெரிஞ்சவங்களா? சொந்தக்காரங்கன்னா வேற பேஷண்ட் மாத்தணும்" என்று எல்லாரையும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

மகள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பண்ணின சத்தியம் பண்ணினதுதானே.

"இல்லங்க மேடம். சீனியர் அக்கா" என்றேன்.

ஆரம்பித்தேன். பிளாஸ்டரில் இரண்டு துண்டு வெட்டி டிராலி ஓரத்தில் ஒட்டினேன். வாயைத் திறந்தவள் மூடவில்லை. "வணக்கம் அக்கா, இப்ப கட்டு மாத்தப்போறேன், பயப்படாதீங்க, கையை இப்படித் தளர்வா வையுங்க, வலிச்சா உடனே சொல்லுங்க, காயம் நல்லா ஆறிட்டு வருது, சாப்பிட்டீங்களா?" பெரிய மேடம் ஏதோ எழுதினார். முகம் சுளிக்கவில்லை. பஞ்சு, மருந்து, துணி, எல்லாம் நான் நினைத்ததைவிட நன்றாகப் போனது. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

முதல் துண்டை ஒட்டினேன். இரண்டாவது துண்டு தன் மேலேயே சுருண்டு ஒட்டிக்கொண்டது. எழவு, அதற்கும் அன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. கத்தரிக்கோல் டிராலியின் கீழ்த்தட்டில். இடது கையை எடுத்தால் துணி நழுவும். என் பேச்சு நின்றுவிட்டது. அவ்வளவுதான், வலது கை பிளாஸ்டர் சுருளை இழுத்துக்கொண்டு தன்னால் மேலே வந்தது. மாஸ்க் மோவாய்க்கு இறங்கிவிட்டது.

கட்டிலில் படுத்திருந்த பேஷண்ட் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள்.

"அம்மா! கடிக்காதம்மா!"

பக்கத்துக் கட்டில்களில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேஷண்ட் எழுந்து குறுக்கிட்டா அந்தப் பரீட்சையே ரத்து, தெரியுமில்ல?" என்றார் பெரிய மேடம். "யாரு இவங்க உனக்கு?"

"எங்கம்மா, மேடம்" என்றாள் என் மகள். மெதுவாக இல்லை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. கடிகாரம் அன்றைக்குத்தான் மணி பார்க்க மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

எங்களை வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். வராந்தாவுக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு முட்டிக்கொண்டு வந்தது.

"கெடுத்தியேடி! ஒரு வருஷமா உன்னை அக்கா அக்கான்னு கூப்பிட்டேனே, யார்கிட்டயாவது மூச்சு விட்டேனா? கடைசி நேரத்துல நீயே போட்டு உடைச்சுட்டியே! எல்லாம் போச்சு!"

"ஒண்ணும் போகல, கத்தாத" என்றாள். "நீ கடிச்சிருந்தா ஃபெயில். நான் எழுந்ததால ரத்து. ரத்தானா இன்னைக்கே வேற பேஷண்டை வச்சு மறுபடியும் பண்ணலாம். பள்ளிக்கூடத்துல ஒரு ரூலாவது படிச்சிருக்கியா நீ?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"தெரிஞ்சுதான் எழுந்தியா?"

"பின்ன? தூக்கத்துலயா எழுந்தேன்?"

"அப்ப உன் லீடர் வேலை?"

அதற்குள் கடிகாரம் வெளியே வந்தார். "சொந்தம்னு சொல்லாம மறைச்சதுக்கு ரெண்டு பேரும் நாளைக்கு பிரின்சிபாலைப் பாருங்க. நீ இனிமே லீடர் இல்லம்மா" என்று மகளிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க உள்ள வாங்க. வேற பேஷண்ட் ரெடி. சீக்கிரம், நேரமாகுது."

உள்ளே போகிற வழியில் என் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து காதைக் கடித்தாள். "ஆன்ட்டி, நிஜமாவே லீடர் அக்காவுக்கு அம்மாவா நீங்க? அப்ப அக்காவோட அம்மாவை நாங்க எப்படி ஆன்ட்டின்னு கூப்பிடுறது?" போடி அந்தப் பக்கம் என்று தள்ளிவிட்டேன்.

இந்தத் தடவை பிளாஸ்டரை வெட்டினேன் வெட்டினேன், டிராலி ஓரம் முழுக்கத் தோரணம் கட்டின மாதிரி ஒட்டி வைத்தேன். கத்தரிக்கோலை மேல்தட்டில் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். வாயை ஒரு நொடி மூடவில்லை. அந்தப் பேஷண்டின் அப்பா, அம்மா, தம்பி, வீட்டு நாய் வரைக்கும் விசாரித்துவிட்டேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்ததில் கட்டிலே ஆடியது. கடைசித் துண்டை ஒட்டிவிட்டு நிமிர்ந்தேன். மாஸ்க் மூக்கின் மேலேயே இருந்தது.

பெரிய மேடம் எழுதி முடித்தார். "இவ்வளவு பேச வேண்டியதில்ல" என்றார். "பாஸ். போங்க, அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

அன்றைக்கு வீடு திரும்பும்போதும் பஸ்ஸில் அவள் முன்வாசலில்தான் ஏறினாள். நான் பின்வாசலில் ஏறிக்கொண்டேன். என்னால் போன லீடர் வேலை. அதை நினைத்தால் பாஸானதும் இனிக்கவில்லை.

மறுநாள் காலையில் கேட்டைத் தாண்டியதும் கால் தன்னால் ஓரம் ஒதுங்கியது. அவள் தன் வகுப்புப் பெண்கள் நான்கைந்து பேரோடு நின்றிருந்தாள். பழக்கம் விடுமா?

"குட் மார்னிங் அக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டவில்லை. கூட்டத்தை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள். பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"அம்மா, சாப்பாட்டு டப்பாவை பஸ்லயே விட்டுட்டேம்மா" என்றாள், எல்லாருக்கும் கேட்க.

எனக்கு வந்ததே கோபம். "காலையில கழுதையாக் கத்தினேனேடி! தலையை எங்கயாவது கழட்டி வச்சுட்டு வந்தியா? நேத்தும் இப்படித்தான், போன வாரமும் இப்படித்தான்..." ஒரு வருஷமாக அந்தக் கேட்டுக்குள் விழுங்கி வைத்திருந்த வசவு அத்தனையும் வரிசையாக வந்தது. சீனியர்கள் சிரித்தார்கள், என் வகுப்புப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்து நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டாள். திட்டி முடித்துவிட்டு என் டப்பாவை எடுத்து அவள் கையில் திணித்தேன்.