இடுப்பளவு

இஸ்திரி போட அவருடைய சாம்பல் நிற பேண்டை உள்பக்கமாகத் திருப்பியபோதுதான் பார்த்தேன். பின்னிடுப்புத் தையலை ஒட்டி, பிரித்த பழைய தையல்களின் ஊசித் தடங்கள் மூன்று. ஒவ்வொரு தடவையும் பிரித்து, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளித் தைத்திருக்கிறார். தையல்காரர் பெண்டாட்டிக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். அலமாரியில் இருந்த மற்ற பேண்ட்களையும் உருவிப் பார்த்தேன். எல்லாம் அதே கதைதான்.

கட்டி என்று சொல்லி அவருடைய இரைப்பையை முழுசாக எடுத்து ஐந்து வருஷம் ஆகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். முட்டை, பழம், மசித்த கிழங்கு என்று டப்பாவும் கையுமாக நான்கு வருஷம் அவர் பின்னாலேயே அலைந்தேன். எனக்கே அலுத்துவிட்டது, பொய் சொல்வானேன். பேண்ட் இடுப்பில் கச்சிதமாக நிற்கிறதே, ஆள் தேறிவிட்டார் என்று நம்பித்தான் போன வருஷம் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். கடைக்குக் கட்டிக்கொடுக்கும் டப்பாக்கள் காலியாகத்தான் திரும்பி வரும். மாசாமாசம் சத்து ஊசிக்குத் தனியாகப் போய்வந்து, எடை அப்படியே இருக்கிறது என்பார். கன்னம் ஒட்டியதை வயசு என்று விட்டுவிட்டேன்.

பேண்டைக் கடைக்கு எடுத்துப்போய், வெட்டும் மேஜையில் உள்பக்கம் தெரியப் போட்டேன். அவர் மெஷினை நிறுத்தினார்.

"எப்பலேர்ந்து?"

"பத்து மாசம் இருக்கும்."

"டப்பால இருந்ததெல்லாம்?"

"பக்கத்துக் கடைக்காரர் சாப்பிட்டுருவார்."

"அதான் அந்தாள் அப்படி ஊதிக்கெடக்காரா?"

அவர் சிரிக்கவில்லை. "சாப்பிட்ட உடனே வேர்த்துக் கொட்டுது, நெஞ்சு படபடங்குது. அரை மணி நேரம் படுத்தாதான் சரியாகுது. கஸ்டமர் நிக்கும்போது எங்க போய்ப் படுக்கிறது?" பேண்டின் ஓரத்தை நீவிவிட்டபடி, "நீ இப்பதான் சிரிச்ச முகமா வேலைக்குப் போற. அதைக் கெடுப்பானேன்னுதான்" என்றார்.

கோபம் வந்தது. அதற்கும் முன்னால், மறுபடியும் டப்பாவா என்ற அலுப்பு வந்தது. அதற்காக வெட்கப்பட்டேன்.

பிளேடால் கடைசித் தையலைப் பிரித்து அவரிடம் நீட்டினேன். "மொதல்ல இருந்த தடத்து மேலயே தைங்க. இதைப் போட்டுக்கிட்டு வாங்க. டாக்டர் கண்ணால பார்க்கட்டும்."

தைத்தார், கோடு பிசகாமல். உடுத்திக்கொண்டு பெல்ட்டைத் தேடினார். அது ஏற்கெனவே என் பையில் இருந்தது.

வழியெல்லாம் இடுப்பை ஒரு கையால் பிடித்தபடியே நடந்தார். டாக்டர் அறை மாடியில். மூன்றாவது படியிலேயே மூச்சு வாங்கியது. கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பற்றினார், அது போதவில்லை. மற்றொரு கையையும் கொண்டுபோக முடியாமல் என்னைப் பார்த்தார்.

"விடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

பின்னால் நின்று இடுப்புப் பட்டியைப் பிடித்தேன். என் முஷ்டி முழுவதும் உள்ளே போயிற்று. அதற்கப்புறமும் இடம் இருந்தது. அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பற்றிக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தார்.