அம்மணி மருந்து வைத்த கதை

கோட்டைக்குப்பத்தில் ஜமுனாவின் உடம்பு ஊருக்குப் பொதுச் சொத்தாக இருந்தது. அவள் ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரைவர் எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேரை நகர்ந்து உட்காரச் சொல்வான். பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவன் கேட்காமலே அள்ளி வைப்பான். அவளும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அந்த உடம்பு ஒரு வருஷத்துக்குள் பாதியாகிவிட்டது. ஊர் சும்மா இருக்குமா? ஏரிக்கரையில் இறால் ஏலம் எடுக்கப் போனால் பெண்கள் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்தார்கள். "இன்னா பண்ணே, எங்களுக்கும் சொல்லேன்."

"கொள்ளுக் கஞ்சி. காலைல கொஞ்சம் நடை," என்றாள் ஜமுனா.

அதை நம்பிப் பாதிக் குப்பம் கொள்ளுக் கஞ்சி குடித்தது. ஊரில் யாராவது குதிரை வாங்கியிருக்கிறார்களா என்று மளிகைக் கடைக்காரர் கேட்கிற அளவுக்குக் கொள்ளு விற்றது. ஒருத்திக்கும் ஒரு சுற்றுகூடக் குறையவில்லை.

நடந்தது வேறு. சர்க்கரை ஏறி, முட்டி தேய்ந்து, படுத்தால் மூச்சு அடைத்துக்கொண்டு வந்தபோது சென்னையில் ஒரு டாக்டர் அவள் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துத் தைத்துவிட்டார். இனிமேல் ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான், அதையும் கூழாக மென்றுதான் விழுங்க வேண்டும், இனிப்பின் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஊருக்கு மட்டும் பித்தப்பையில் கல் என்று சொல்லிவைத்தார்கள். அப்படிச் சொல்லச் சொன்னவன் அவள் புருஷன் கோபால்.

"வாயக் கட்ட முடியாம வயித்த அறுத்துக்கினாடானு பேசுவானுங்க. அப்பால நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு போட்ல ஏறது?" என்றான்.

ஜமுனாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. காலமெல்லாம் ஊரே பார்த்துப் பேசிய உடம்பில் ஒரு இடமாவது தனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டுமே என்று அவளுக்கு ஆசை. மாமியார் மணியம்மாளுக்குச் சொல்லவில்லை. அம்மணிக்கும் சொல்லவில்லை.

அம்மணி படகுத் துறையில் இட்லியும் சுறாப்புட்டும் விற்கிறவள். புருஷனைப் பறிகொடுத்த பிறகு அந்த அடுப்பை வைத்துத்தான் மகள் வெண்ணிலாவைப் படிக்கவைத்து, மீஞ்சூரில் கட்டிக்கொடுத்தாள். ஏரியில் வலை இழுத்துவிட்டுக் கரையேறுகிற ஆம்பிளைகள் வீட்டுக்குக்கூடப் போகாமல் முதலில் அவள் அடுப்பண்டைதான் வந்து குந்துவார்கள். ஜமுனா இறால் கூடையோடு பொன்னேரிக்குப் பஸ் ஏறுமுன் அம்மணி ஒரு தூக்கில் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். இளவயதில் தொடங்கிய பழக்கம் அது. ஆபரேஷனுக்குப் பிறகும் தூக்கு நிற்கவில்லை. ஜமுனா மார்க்கெட்டில் கூடைக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து கொஞ்சம் கொறிப்பாள். மீதியை நாய்க்குப் போட்டுவிட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டு வருவாள்.

"எப்டி கீது புட்டு?" என்று அம்மணி கேட்பாள்.

"சூப்பரா கீதுக்கா."

பொன்னேரி மார்க்கெட்டில் அந்த நாய் மட்டும் நன்றாகக் கொழுத்தது.

விசேஷ வீடுகள்தான் பெரும்பாடு. பல் வலி என்றாள், விரதம் என்றாள், இப்போதுதான் சாப்பிட்டேன் என்றாள். தப்ப முடியாத இடத்தில் சோற்றை இலையெல்லாம் பரப்பி, அப்பளத்தை நொறுக்கி மேலே தூவி, பக்கத்தில் இருப்பவள் எழுந்திருக்கும் நேரம் பார்த்து இலையை மடக்குவாள். முன்பெல்லாம் பந்தி என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். யார் வீட்டுப் பேச்சு எது என்று எல்லாம் அங்கேதான் காதில் விழும். இப்போது எவள் தன் இலையைப் பார்க்கிறாள் என்று பார்ப்பதிலேயே பந்தி முடிந்துவிடும். கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து இப்படித் தனியாக இருப்பதற்கு வீட்டிலேயே கிடக்கலாம் என்று தோன்றும். வீட்டிலேயே கிடந்தால் அதற்கும் கேள்வி வரும்.

அப்படியிருக்கையில் வெண்ணிலாவுக்குச் சீமந்தம் வந்தது. தாலி இல்லாதவள் என்பதால் அம்மணி பெற்ற மகளுக்கு வளையல் போடாமல் ஒதுங்கி நின்றாள். "நீ போடு ஜமுனா. நான் போட்டா மாதிரிதான்," என்றாள். ஜமுனாதான் முதல் வளையலைப் போட்டாள், சந்தனம் பூசினாள். எல்லாம் முடிந்ததும் அம்மணி ஒரு தட்டில் நெய் வடிகிற சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"வாயத் தொற. என் பொண்ணுக்கு நீதான் எல்லாம் பண்ணே. என் கையால ஊட்டணும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்ணிலாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் வலி என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? ஜமுனா வாயைத் திறந்தாள். அம்மணி உருட்டி உருட்டி ஊட்டினாள். போதும்க்கா என்றபோது, "இன்னும் ஒரு வாய்டி," என்று தட்டை வழித்து ஊட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் ஜமுனாவுக்குக் குப்பென்று வியர்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எழுந்து வாசலைத் தாண்டுமுன் வாந்தி எடுத்து, பந்தல் காலைப் பிடித்தபடியே கீழே சரிந்தாள். தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். அவள் கண் விழித்தபோது மணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் நெனச்சேன். மருந்து வெச்சிட்டாடி என் மருமவளுக்கு!"

மருந்து வைப்பதென்றால், ஒருவரை வசப்படுத்த ஏதேதோ அரைத்துச் சோற்றில் கலந்து கொடுத்துவிடுவது. அது வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். சோறு இறங்காது, உடம்பு கரையும், ஆனால் கொடுத்தவர் மேல் மட்டும் பிரியம் குறையவே குறையாது. கொள்ளுக் கஞ்சியை நம்பாத ஒரே ஆள் மணியம்மாள்தான். இத்தனை மாதமாக மருமகள் வீட்டில் சோற்றைத் தொட்டதும் தொடாததுமாக எழுந்ததை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். யார் கைச் சோறு அவள் தினமும் வாங்கித் தின்றாள் என்பதும் ஊருக்கே தெரியும்.

அடுத்த நாள் காலையில் படகுகள் கரையேறின. ஆம்பிளைகள் அம்மணியின் அடுப்பைத் தாண்டி நேரே டீக்கடைக்குப் போனார்கள். அவளிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை திட்டியிருப்பாள். மறுநாளும் இட்லி மிஞ்சியது. அதற்கடுத்த நாள் அவள் கொஞ்சமாகத்தான் மாவு அரைத்தாள், அதுவும் புளித்துப்போனது.

"நாலு நாள்ல அடங்கிடும். நீ வாயத் தொறக்காத," என்றான் கோபால். நாலு நாளில் அடங்கவில்லை. ஒரு காலையில் ஜமுனா கூடையோடு பஸ்ஸுக்குப் போகையில் அம்மணி ஆவி பறக்கும் இட்லிச் சட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். தூக்கு எதுவும் கட்டி வைக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஜமுனா தலையைக் குனிந்து கூடையைச் சரிசெய்கிற மாதிரி நின்றுவிட்டு நடந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மணியம்மாள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து மருந்து எடுக்கிறவரைக் கூட்டி வந்தாள். தெருவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. அவர் ஜமுனாவுக்கு ஏதோ பச்சிலைச் சாறு கொடுத்தார், வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சினார், கடைசியில் தன் வாயிலிருந்து தட்டில் ஒரு கறுப்பு உருண்டையைத் துப்பினார். பெண்கள் ஐயோ என்றார்கள். இரண்டு பேர் செல்போனை நீட்டி அதைப் படம் பிடித்தார்கள்.

"பொம்பள கை," என்றார் அவர். "தாலி இல்லாத கை."

ஜமுனா எழுந்து நின்றாள்.

"அதெல்லாம் இல்ல. எனக்கு மெட்ராஸ்ல வயித்த வெட்டிச் சின்னதாக்கிக்கீறாங்க. ஒடம்பு கொறையறதுக்கு. அதான் சோறு எறங்கல. அன்னிக்கு இனிப்பு ஒத்துக்கல. அவ்ளோதான். அம்மணி அக்கா மேல ஒரு தப்பும் கெடையாது."

தன்னோடு மட்டும் வைத்துக்கொள்ள நினைத்த இடத்தை, புடவையை விலக்கி அத்தனை பேருக்கும் காட்டினாள். வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புகள்.

எதிர்வீட்டுக் காசியம்மாள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "இது கல்லு எடுத்த தயும்புதானே? என் மச்சினிக்கும் இதே மாதிரிதான் ஓட்ட போட்டாங்க. நீதானேம்மே சொன்னே கல்லுனு?"

"பொய் சொன்னேன்."

"கஞ்சியும் பொய்யா?"

"அதுவும் பொய்தான்."

"பாத்தீங்களா, எப்டிப் பேச வெக்குதுனு!" மணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "வெச்சவளுக்கே பரிஞ்சிக்கினு வர்றா. மருந்து வேல செய்யுது."

மருந்து எடுக்கிறவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஜமுனா சுற்றிப் பார்த்தாள். அந்த வீட்டில் ஆபரேஷன் விஷயம் தெரிந்த ஒரே ஆள் கதவோரம் நின்றிருந்தான்.

"நீ சொல்லுய்யா. நீதானே கூட இருந்தே. சொல்லு."

கோபால் தரையைப் பார்த்தான். பிறகு அவன் தன் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினான்.

"கல்லுதாம்மா."

ஜமுனாவுக்கு அழுகை வரவில்லை. இந்த மனுஷனோடுதான் இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே படுத்தோமா என்று மட்டும் நினைத்தாள். அதற்குள் மணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தாள். மலை மாதிரி சோறு, மேலே மடவை மீன் குழம்பு, ஓரத்தில் இறால் தொக்கு. "எல்லாம் வெளிய வந்துட்ச்சு. இனிமே எறங்கும் பாரு. சாப்புடும்மா," என்று அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். அந்தக் கிழவியின் குரலில் இருந்த பாசம் மெய்யாலுமே பாசம்தான். தெருவே ஜமுனாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்போன்களும் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜமுனா தட்டைத் தொடாமல் எழுந்து, கும்பலை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அம்மணி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து இட்லித் தட்டுகளையும் கரண்டிகளையும் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணிப்பை இரண்டு கட்டி வைத்திருந்தது.

"எங்கக்கா கெளம்பிட்டே?"

"மீஞ்சூருக்கு. வெண்ணிலாவுக்குப் பிரசவம் வருதில்ல. அங்கியே இருந்துக்கலாம்னு."

"அக்கா, நான் எல்லாருகிட்டயும் சொல்ட்டேன். எனக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணி..."

"வீடியோ வந்துச்சு. பாத்தேன்."

"யாருமே நம்பலக்கா."

"நான் நம்பறேன்," என்றாள் அம்மணி.

அந்த ஒரு வார்த்தைக்கு ஜமுனா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். அம்மணி எழுந்து வரவில்லை. சாக்கின் வாயைக் கயிற்றால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் கட்டிக் குடுத்ததெல்லாம் இன்னா பண்ணே?"

ஜமுனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இனிமேல் பொய் சொல்லவும் தெம்பில்லை. "கொஞ்சம் துன்னுட்டு... மீதிய மார்க்கெட்டு நாய்க்குப் போட்டேன்."

அம்மணி தலையசைத்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வேளைக்கு எவ்ளோ எறங்கும் ஒனக்கு?"

"ரெண்டு கரண்டி."

"ரெண்டு கரண்டி," என்று அம்மணி திருப்பிச் சொன்னாள். கயிற்றைப் பிடித்த கை நின்றுவிட்டது. "ஊருக்கே அளந்து போடறவடி நானு. கொழந்தைக்கு எவ்ளோ, கெயவனுக்கு எவ்ளோ, காச்சக்காரனுக்கு எவ்ளோனு மூஞ்சப் பாத்தே போடுவேன். ஒனக்கு ரெண்டு கரண்டி போட எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கு அந்தப் பொங்கல ஊட்டியிருப்பனா?"

ஊருக்குத் தெரியக் கூடாது என்றுதான் ஜமுனா நினைத்தாள். அம்மணியையும் அந்த ஊரிலேயே சேர்த்துவிட்டது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வெளியே ஷேர் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. ஜமுனா சட்டென்று எழுந்து சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"விடு," என்றாள் அம்மணி. "நான் பாத்துக்கறேன்."