பெயருக்கு முன்னால்

திருகாணிகள் நான்கும் துருவேறிச் சுவரோடு சுவராகிவிட்டிருந்தன. அவன் நாற்காலி மேல் ஏறி நின்று, திருப்புளியை முழு பலத்தோடு அழுத்தினான். அது வழுக்கி உள்ளங்கையைக் கிழித்ததுதான் மிச்சம். தெருமுனைக்கு அப்பால் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு அடுக்கடுக்காக, பாத்திர அலமாரியை யாரோ மாடிப்படியில் உருட்டிவிட்டதுபோல. பலகை அசையவில்லை. அப்பா சாவதற்கு முன் ஆசையாசையாகச் செய்து மாட்டிய பித்தளைப் பலகை அது. மேல் வரியில் ‘டாக்டர்’. அதன் கீழே தங்கையின் பெயர். அதற்கும் கீழே சிறிய எழுத்தில், மொழியியல் துறை, பல்கலைக்கழகம். அப்பா எதைச் செய்தாலும் உறுதியாகத்தான் செய்வார்.

“விடுண்ணே. கழட்டினாலும் செவுத்துல அடையாளம் இருக்கத்தான் போகுது,” என்றாள் தங்கை. வாசற்படியில் நின்றிருந்தாள். தலைமுடி ஒரு பக்கம் கருகிச் சுருண்டிருந்தது. காலையில் எரிகிற நூலகத்திலிருந்து ஓடிவந்தவள் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

“தெருக்காரங்க எவனும் உன்னைக் காட்டிக்குடுக்க மாட்டான். வர்றவனுங்க லாரிப்பேட்டை ஆளுங்க. அவனுங்களுக்கு இந்தப் பலகைதான் கண்ணு. உள்ள போ பாப்பா.”

அந்த வருடம் ஊரே இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பக்கம் புத்திக்காரர்கள், இன்னொரு பக்கம் புத்தகக்காரர்கள். படிப்பு போதும், புத்தி வேண்டும் என்று சொல்லித் தேர்தலில் ஜெயித்தவர்கள் பல்கலைக்கழகத்தை மூடச் சொன்னார்கள். உள்ளே இருந்தவர்கள் வெளியேற மறுத்தார்கள். அவன் டயர்க்கடை வைத்திருப்பவன், புத்திக்காரன். சுவரொட்டியைப் பார்த்து மாறியவனில்லை. ஒரு நாள் நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட மேசையில், விலைவாசியைப் பற்றி அவன் ஏதோ சொல்லப்போக, தங்கை தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “உனக்குப் புரியாதுண்ணே, விடு,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல, சாதாரணமாகச் சொன்னாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அதன் பிறகுதான் கடையில் அந்த நகைச்சுவையைச் சொல்ல ஆரம்பித்தான்: “எங்க வீட்லயும் ஒரு டாக்டர் இருக்கா. செத்துப்போன பாஷைக்கு வைத்தியம் பாக்கறவ. தலைவலின்னு போனா இலக்கணம் எழுதிக் குடுப்பா.” பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

இன்று காலை சாலை மறிக்கப் பழைய டயர் கேட்டு லாரிப்பேட்டை ஆட்கள் வந்தபோது, அவனே தன் கையால் வண்டியில் ஏற்றிவிட்டான். மறியல்தானே என்று நினைத்தான். புகை வேறு திசையில் எழுந்ததைப் பார்த்துப் பல்கலைக்கழக வாசலுக்கு ஓடியவன், நரைத்த தலை மனிதர் ஒருவரைச் சிலர் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தரையோடு இழுத்துவருவதைப் பார்த்தான். “பாடம் நடத்து, நடத்துடா,” என்று சொல்லிச் சொல்லி ஒருவன் அவர் வாயிலேயே மிதித்துக்கொண்டிருந்தான். வாய் என்று சொல்ல அங்கே அதிகம் மீதமில்லை. பின்சுவர் ஏறிக் குதித்த தங்கையைத் தன் வேனில் தூக்கிப்போட்டு இங்கே கொண்டுவந்தான். இங்கிருந்து வெளியேறத்தான் வழியில்லை. தெருவின் இரண்டு முனைகளிலும் அவன் கொடுத்த டயர்கள் எரிந்துகொண்டிருந்தன.

கூட்டம் தெருவுக்குள் திரும்பியது. சரியாக அப்போதுதான் அவனுக்கு யோசனை வந்தது. வேனில், பழைய டயரைப் புதிதுபோலக் காட்டப் பூசுகிற கறுப்பு ஒரு டப்பா இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து, கீழ் வரியைப் பூசி மறைத்தான். பிறகு பெயரை மறைத்தான். மேல் வரிக்குப் போன கை நின்றது. டாக்டர். வைத்தியரை எவனும் அடிக்க மாட்டான். எவனுக்கும் ஒரு நாள் உடம்புக்கு வரும். இதைத்தானே சொந்தப் புத்தி என்கிறோம் என்று நினைத்தபோது, அந்த நிலையிலும் அவனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவர்கள் எதிர்வீட்டுக்குப் போனார்கள். அது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீடு. ஜன்னல் இடுக்கு வழியாக அண்ணனும் தங்கையும் பார்த்தார்கள். வாத்தியாரை முன்முற்றத்துக்கு இழுத்துவந்து முட்டி போட வைத்தார்கள். லாரி டிரைவர் ஒருவன், கையில் இரும்புக் கம்பியோடு, குனிந்து மரியாதையாகக் கேட்டான்.

“வாத்தியாரே, ரெண்டும் ரெண்டும் எவ்வளவு?”

“நாலு.”

கம்பி தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டும் ரெண்டும்?”

வாத்தியார் அழுதுகொண்டே, “நீங்களே சொல்லுங்கப்பா,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கம்பி மறுபடி இறங்கியது. தங்கை கதவுக்குப் பாய்ந்தாள். அவன் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, வாயைப் பொத்தினான். அவள் அவன் விரலை எலும்பு வரை கடித்தாள். அவன் விடவில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. வாத்தியார் வீட்டுக்குள்ளே புத்தக அலமாரியை நொறுக்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் கண்ணாடிக் கதவை எட்டி உதைத்திருக்கிறான். கால் உள்ளே போய்விட்டது. நொண்டிக்கொண்டு வெளியே வந்தவன், தொடையில் குத்தி நின்ற நீளமான கண்ணாடித் துண்டை ஏதோ முள்ளைப்போலப் பிடுங்கி எறிந்தான். ரத்தம் குழாய் திறந்ததுபோல விட்டுவிட்டுப் பீச்சியது. “மாப்ள! டேய் மாப்ள!” என்று எல்லாரும் கத்தினார்கள். டிரைவர் கம்பியைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். அவன் கண் எதிர்ச்சுவரில் பளபளத்த ஒற்றைச் சொல்லில் போய் நின்றது.

கதவைத் தட்டவில்லை. உடைத்துக்கொண்டுதான் வந்தார்கள். மாப்பிள்ளையைச் சாப்பாட்டு மேசையில் கிடத்தியதும் தட்டுகள் தரையில் விழுந்து உருண்டன.

“டாக்டரம்மா, காப்பாத்துங்க. போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு.” சொல்லிவிட்டு டிரைவர் திரும்பினான். “டயர்க்கடை அண்ணனா? நீங்க எங்க இங்க?”

“என் தங்கச்சி.”

“சொல்லவே இல்லையேண்ணே.” டிரைவரின் நெற்றி சுருங்கியது. “நீங்க ஏதோ சொல்லுவீங்களே... எங்க வீட்லயும் ஒரு டாக்டர்னு... எல்லாரும்கூட சிரிப்போமே?”

“அது வேற தம்பி. அது சித்தப்பா பொண்ணு,” என்றான். இல்லாத சித்தப்பாவின் இல்லாத மகளுக்காக அவன் முதுகெல்லாம் வேர்த்தது.

தங்கை மேசையருகே நின்றாள். அவள் கடித்த அவன் விரலின் ரத்தம் அவள் உதட்டில் இருந்தது. ஒரு கணம் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்றே நினைத்தான். எல்லாரையும் திருத்திப் பழகியவள். ஆனால் அவள் வகுப்பறைக் குரலில், “வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க,” என்றாள். அவ்வளவு பேரும் தள்ளி நின்றார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் காயத்தின் மேல் வைத்துத் தன் எடையெல்லாம் போட்டு அழுத்தினாள். விரலிடுக்கில் ரத்தம் பொங்கியது.

“இறுக்கிக் கட்ட ஏதாவது குடு.”

வேனில் டியூப் துண்டு இருந்தது. அவன் ஓடி எடுத்துவந்து, தொடையைச் சுற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். மாப்பிள்ளை அலறினான், அம்மாவைக் கூப்பிட்டான், பிறகு யாரோ ஒரு பெண்ணின் செல்லப்பெயரைக் கூப்பிட்டான். முகம் சாம்பல் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்கை குனிந்து, அண்ணன் காதோரம் சொன்னாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. கட்டைத் தளர்த்தணுமா, கூடாதா, எதுவுமே தெரியாது.”

இந்தச் சொற்களை அவள் வாயால் கேட்க எத்தனையோ வருடம் காத்திருந்தவன் அவன். இப்போது கேட்டபோது, அவன் நின்ற இடத்தில் தரையே இல்லாததுபோல இருந்தது. “மெதுவாப் பேசு,” என்று மட்டும் சொன்னான்.

ஒருவன் ஆம்புலன்சுக்குப் போன் அடித்தான். காதிலிருந்து போனை எடுத்துவிட்டுச் சொன்னான்: “வராதாம். ரெண்டு பக்கமும் டயர் எரியுதாம். அணைச்சாதான் வருவாங்களாம்.”

“அப்ப போய் அணைங்கடா!” டிரைவர் கத்தினான். நான்கைந்து பேர் ஓடினார்கள். டயர் லேசில் அணையாது. தண்ணீர் ஊற்ற ஊற்ற உள்ளே கனன்று மறுபடி பற்றும். அறையில் இருந்தவர்களில் அது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

“பொழைச்சிடுவானா டாக்டரம்மா?”

“பேசாம இருங்க,” என்றாள் தங்கை.

டிரைவர் தலைகுனிந்து இன்னும் ஓரடி தள்ளி நின்றான். எதிர்வீட்டு முற்றத்திலிருந்து முனகல் கேட்டது. “அங்க ஒருத்தர் கிடக்கறாரு. அவரையும் தூக்கிட்டு வாங்க,” என்று அவள் நிமிராமல் சொன்னபோது, டிரைவர் மறுபேச்சில்லாமல் இரண்டு பேருக்குக் கண்காட்டினான். போன இரண்டு பேரும் வாத்தியாரின் தோள்களைத் தொடுவதற்குப் பயந்து, விரிப்பில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

அண்ணன் கையை எடுக்க முடியாமல் டியூப்பைப் பிடித்தபடி நின்றான். அப்போது வாசல் பக்கமிருந்து தேய்க்கிற சத்தம் வந்தது. உடைந்த கதவு வழியே வெளிச்சுவர் தெரிந்தது. மெலிந்த ஆள் ஒருவன், அண்ணன் விட்டுவந்த அதே நாற்காலியில் ஏறி நின்றிருந்தான். காலையிலிருந்து எதையெதையோ கொளுத்திய பெட்ரோல் பாட்டில் இடுப்பில் செருகியிருந்தது. துணியை அதில் நனைத்து நனைத்துப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“என்னப்பா பண்றே?”

“எவனோ ஒரு நாய் டாக்டரம்மா பேர்ல கறுப்படிச்சிருக்கான்ணே. நம்ம பசங்கதான் புரியாம பண்ணியிருப்பானுங்க. எனக்கு போர்டு எழுதறதுதான் தொழிலு, இதைப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கறது?”

“அது கிடக்கட்டும் விடு. இறங்கு.”

“ஈரமாத்தாண்ணே இருக்கு. அழகா வருது.”

“விடுன்னு சொல்றேன்ல!”

மேசையில் மாப்பிள்ளையின் கால் ஒருமுறை துடித்தது. தங்கை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். டிரைவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. வெளியே, போர்டு எழுதுகிறவன் தலையைச் சாய்த்துத் தன் வேலையை ரசித்தான். தங்கையின் பெயர் முழுதாக வந்துவிட்டிருந்தது. மாலை வெயிலில் பித்தளை தங்கம்போல மின்னியது.

“பேரு வந்துருச்சுண்ணே,” என்றான் சந்தோஷமாக. “கீழ இன்னும் என்னமோ எழுதியிருக்கு.” துணியைப் புதிதாக மடித்து, பெட்ரோலில் நனைத்தான்.