மலர்ச்சிப் பிரிவின் முதல் தாய்

தாய்மையைத் தெய்வமாகக் கும்பிடுகிற மண் இது. அந்தத் தெய்வம் வலி மாத்திரைக்கு அடிமையாகிவிட்டால் எந்த வரிசையில் நிற்பது என்று மட்டும் ஆம்பூர்ப் பக்கத்து அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிரசவப் பிரிவில் லுப்னா மாத்திரைச் சமாச்சாரத்தைச் சொன்னதும் போதை மறுவாழ்வுப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே உட்கார்ந்திருந்ததெல்லாம் ஆண்கள். அவள் வயிற்றைப் பார்த்ததும் பிரசவப் பிரிவுக்கே திருப்பி விட்டார்கள். நடக்க நடக்க, யார் கண்ணும் அவள்மேல் நிற்காமல் போயிற்று. ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவன் எதிரே ஆளே இல்லாததுபோல நேராக வந்தான். அவள்தான் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஹேமாக்கா, நான் உன் கண்ணுக்குத் தெரியறேன்தானே?"

"இன்னாடி கேள்வி இது? ஏழு மாச வயித்தோட ரெண்டு ஆளு மாதிரி தெரியற. வா," என்றாள் ஹேமலதா. ஷூ கம்பெனியில் லுப்னாவுக்கு அடுத்த மிஷினில் தைப்பவள்.

லுப்னா சிரிக்கவில்லை. இடுப்பு வலிக்கென்று போட ஆரம்பித்த மாத்திரை. பிறகு அது இல்லாமல் தையலில் கை நிற்காது என்றாகிவிட்டது. பிள்ளைக்கு ஆகாதே என்று பயந்து முந்தாநாள் அவளாகவே நிறுத்தினாள். நடுக்கம் வந்தது, வாந்தி வந்தது, தாங்கிக்கொண்டாள். இன்று காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசியில் யாரோ மாடியைக் கை காட்டினார்கள். 'தாய்மை மலர்ச்சிப் பிரிவு.' போதையில் சிக்கிய கர்ப்பிணிகளுக்கென்றே போன மாதம் ரிப்பன் வெட்டித் திறந்தது. இதுவரை ஒரு கர்ப்பிணியும் வந்ததில்லை. போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஊரில் பேச்சு.

உள்ளே எல்லாக் கட்டிலுக்கும் கொசுவலை இறக்கியிருந்தது. பக்கத்திலேயே தொட்டில்கள். விழாப் போட்டோவுக்காகத் தொட்டிலுக்கு ஒன்றாகப் படுக்க வைத்த பொம்மைகளை யாரும் எடுக்கவில்லை. படுத்தால் கண் மூடுகிற பொம்மைகள். ஒன்று மட்டும் மூடாமல் லுப்னாவையே பார்த்தது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தும் ஒரு கொசுவலை, உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல, உப்பி அடங்கியது.

"இதுங்களுக்குத் தடுப்பூசி போட்டாச்சா சிஸ்டர்?" என்றாள் ஹேமலதா.

நர்ஸ் அம்பிகா லுப்னாவின் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அப்படிப் பார்த்த முதல் ஆள். லுப்னா எல்லாவற்றையும் சொன்னாள். "ஒரேடியா நிறுத்தச் சொல்லி யாரும்மா சொன்னது? டாக்டர் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். போலீசெல்லாம் வராது. முதல்ல படு."

அதற்குள் பிரிவின் தலைவர் டாக்டர் நவநீதன் வந்துவிட்டார். முதல் தாய் அல்லவா? துடிப்பு கேட்கும் மிஷினை அவரே வாங்கி, அவரே வயிற்றில் வைத்தார். சத்தமில்லை. இடம் மாற்றி வைத்தார். சத்தமில்லை. தொட்டில்களும் காது கொடுத்துக் கேட்பதுபோல இருந்தன. இத்தனை மாதமும் இந்தப் பொம்மைகளில் ஒன்றைத்தான் சுமந்துகொண்டிருந்தோமோ என்று லுப்னாவுக்கு உடம்பு சில்லிட்டது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குரல் மேடையேறியது. "அம்மா, தாய்மை என்பது தவம். அந்தத் தவம் கலைந்துவிட்டால் இயற்கை மன்னிப்பதில்லை. மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும்."

லுப்னாவின் வாய் திறந்தது, அழுகை வரவில்லை.

"தவம் இருக்கட்டும் சார்," ஹேமலதா கத்தினாள். "புள்ள இருக்குதா, இல்லியா? அதச் சொல்லு!"

அம்பிகா மிஷினை வாங்கி மறுபடி வயிற்றில் வைத்தாள். பக்கவாட்டில் எதையோ திருகினாள். குதிரை ஓடுவதுபோல அறை முழுக்கச் சத்தம் எழுந்தது. தொட்டில்களிலிருந்துதான் வருகிறதென்று நினைத்து ஹேமலதா இரண்டடி பின்னால் போனாள். லுப்னா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

திறப்பு விழாவில் தன் பேச்சுக்கு நடுவே கரகரக்கிறதென்று, மிஷினின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்தவர் டாக்டர்தான்.