கயிற்றின் நுனி

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். நீங்கள் சிரித்தால் எனக்குக் கேட்க வேண்டும், சிரிக்காவிட்டாலும் தெரிய வேண்டும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு விண்வெளிக் கப்பல் கதை சொல்லப் போகிறேன். கப்பல் பொய். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிஜம். அவர்களில் நானும் ஒருத்தி.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் டிவியில் 'விண்தபால்' என்று ஒரு தொடர் வந்தது. கிரகம் கிரகமாகப் போய்க் கடிதம் கொடுக்கிற கப்பல். கடைசியாக வந்த வாரம், அந்தக் கப்பலின் மெக்கானிக் பெண் கம்பிக் கயிற்றின் நுனி வளையத்தை இடுப்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டு ஆண்டெனாவைச் சரிபண்ண வெளியே போகிறாள். கொஞ்ச நேரத்தில் கயிறு மட்டும் ஜன்னலுக்கு வெளியே மிதந்து வருகிறது. ஒரே இருட்டு. நுனி சரியாகத் தெரியாது. கண் மூடித் திறப்பதற்குள் படம் முடிந்துவிட்டது. அதோடு தொடரையே நிறுத்திவிட்டார்கள்.

என் தம்பி லிப்ட் ரிப்பேர் வேலை பார்ப்பவன். அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து பார்த்தான். எல்லோரும் "ஐயோ, கயிறு அறுந்துபோச்சே" என்று உச்சுக்கொட்ட, இவன் மட்டும் தலையை ஆட்டினான்.

"அறுந்த கயிறு இல்லக்கா அது. அறுந்திருந்தா நுனி பூ மாதிரி விரிஞ்சு இலேசா அலையும். இது வாலைச் சுழட்டுது பாரு. நுனியில வளையத்தோட கனம் அப்படியே இருக்கு. யாரோ கையால கொக்கியைக் கழட்டியிருக்காங்க. அவதான் கழட்டியிருக்கா. அவ உசுரோட இருக்கா."

"சரிதான், கயிறு திரிக்காதே மாப்ளே" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். படித்தவர். என் தம்பி பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எங்கள் குடும்பத்தில் அவன் பேசினால் பாதிப் பேர் எழுந்து கை கழுவப் போய்விடுவார்கள். நானே போயிருக்கிறேன்.

அந்தத் தொடர் மறுபடியும் வரப்போகிறது என்று போன வருஷம் அறிவித்தார்கள். உடனே போனில் ஒரு குழு தொடங்கியது. எண்ணூறு பேர். அவள் வருவாளா, மாட்டாளா, வந்தால் எப்படி வருவாள் என்று விடிந்ததும் ஆரம்பிப்பார்கள். என் தம்பி பழைய லிப்ட் கயிறுகளைப் படம் எடுத்து, அறுந்தால் எப்படி இருக்கும், கழற்றினால் எப்படி ஆடும் என்று எழுதினான். எழுதுவதை முதலில் எனக்கு அனுப்புவான். "அக்கா, ஒரு தடவ பாத்துக் குடு." நான் எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்புவேன். அப்புறம்தான் குழுவுக்குப் போகும்.

நம்ப மாட்டீர்கள், ஒரே மாதத்தில் அவன் பெயர் 'கயிறு சார்' ஆகிவிட்டது. டாக்டர்கள், டீச்சர்கள் எல்லாம் "கயிறு சார், இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்கள். அவன் நடையே மாறிப்போனது. முதல் பகுதி ஒளிபரப்பாகும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து மாதம் முன்பே லீவு எழுதிக் கொடுத்துவிட்டான்.

என் வீட்டுக்காரரும் அந்தக் குழுவில் இருந்தார். அவருக்கு ஒரு தனிக் கட்சி. மெக்கானிக்கின் தலைக்கவசக் கண்ணாடியில் ஓரமாக ஒரு விரிசல் தெரிகிறது, ஆகவே காற்று போய் அவள் செத்திருப்பாள் என்பது. அந்தப் படத்தைப் போனில் நிறுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தம்பியிடம் நீட்டினார்.

"கண்ணாடியைப் பத்தி எனக்கா சொல்லித் தரப் போற? பாரு, கோடு."

தம்பி போனை வாங்கினான். படத்தை விரலால் இடது பக்கம் தள்ளினான். வலது பக்கம் தள்ளினான்.

"அத்தான், படம் நகருது. விரிசல் நகர மாட்டேங்குதே."

கீறல் விழுந்திருந்தது அவருடைய போனின் கண்ணாடியில். எங்கள் மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தம்பி அதை அப்படியே குழுவில் எழுதினான், 'எங்க அத்தான் கண்டுபிடிச்ச விரிசல்' என்று. அதையும் நான்தான் திருத்திக் கொடுத்தேன். எண்ணூறு பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு மோருக்கு உப்புப் போட்டுக்கொள்ள மறந்து அப்படியே குடித்தார். நான் கவனித்தேன்.

நாலு நாள் கழித்து மத்தியானம் கடைக்கு வரச் சொன்னார். கடை கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் அடித்து வைத்திருந்தார், புதுத் தொடரின் வசனத்தாள் மாதிரி. என்னை ஜன்னலோரம் நிறுத்தி, தாளைப் பிடிக்கச் சொன்னார். கண் சோதிக்கும் பெட்டியிலிருந்து ஒரு கனமான லென்ஸை எடுத்துப் போன் கேமரா முன்னால் வைத்து, முன்னும் பின்னும் நகர்த்திப் படம் எடுத்தார். யாரோ பயந்துகொண்டே திருட்டுத்தனமாக எடுத்த மாதிரி எல்லாம் மங்கலாக இருந்தது. நடுவில் ஒரு வரி மட்டும் படிக்கும்படி தெரிந்தது: 'மெக்கானிக்கின் உடலை உள்ளே கொண்டுவருகிறார்கள். கயிறு அறுந்திருக்கிறது.'

"ஒரே ஒரு நாள். நாளைக்கு நானே சொல்லிடறேன். மாப்ள மூஞ்சியைப் பாக்கணும்" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. தாளை ஆடாமல் பிடித்தது இந்தக் கைதான்.

வேறு ஒரு எண்ணிலிருந்து அதைக் குழுவுக்கு அனுப்பினார். சாயங்காலத்துக்குள் தீ மாதிரி பரவியது. யாரும் சந்தேகப்படவில்லை. நேற்றுவரை மரியாதையாகச் சார் போட்டவர்கள் எல்லாம் இப்போது கிண்டலாகப் போட்டார்கள். "கயிறு சார், கயிறு அறுந்ததா?" "லிப்ட் கீழே போய்டுச்சு போல." "இத்தனை நாளா எங்களை ஏத்தி விட்டீங்களே சார்." ஒருவர் விடாமல் எழுதினார்கள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். தம்பியிடமிருந்து எனக்கு வழக்கம்போல ஒன்று வந்தது. 'எனக்குத் தெரிஞ்ச வேலைய வெச்சு சொன்னேன். தப்பா சொல்லி உங்க நேரத்தை வீனாக்கிட்டேன். மன்னிச்சிருங்க, விடைபெருகிறேன்.' அதன் கீழே, 'அக்கா ஒரு தடவ பாத்துக் குடு.'

கண்ணுகளா, அந்த நிமிஷத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்காரரே சொல்வதாகச் சொல்லியிருக்கிறாரே, நடுவில் நாம் ஏன் என்று நினைத்தேன். 'வீணாக்கிட்டேன்', 'விடைபெறுகிறேன்' என்று இரண்டு எழுத்தை மாற்றித் திருப்பி அனுப்பினேன். அதை அப்படியே குழுவில் போட்டுவிட்டு அவன் வெளியேறிவிட்டான்.

என் வீட்டுக்காரருக்கு அப்போதே முகம் வெளுத்துப்போனது. "இப்ப சொன்னா அத்தனை பேரும் என்னைக் காறித் துப்புவாங்க. தொடர் வரட்டும், தானா தெரிஞ்சுடும்" என்றார். நான் சொல்வேன் என்று அவர் என்னைப் பார்த்தார். அவர் சொல்வார் என்று நான் அவரைப் பார்த்தேன். இப்படியே நாலரை மாதம் ஓடியது. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வந்தான். தொடர் பேச்சு எடுத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போடுக்கா" என்பான். தானாகவே எழுந்து கை கழுவப் போவான்.

ஒளிபரப்பு நாளும் வந்தது. காலை பதினோரு மணிக்கு நானும் அவரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு கதவு திறந்தது. மெக்கானிக் நின்றாள், தலை நரைத்து. கப்பலைக் காப்பாற்றத் தானே கொக்கியைக் கழற்றியதாகச் சொன்னாள். அந்தப் பழைய காட்சியை வெளிச்சத்தில் காட்டினார்கள். கயிற்றின் நுனியில் வளையம் முழுசாக இருந்தது. சுழன்றது.

என் வீட்டுக்காரரின் போன் விடாமல் அடித்தது. 'கயிறு சார் எங்கே? கயிறு சாரைக் கூப்பிடுங்கள்.'

"கிளம்பு" என்றார் அவர்.

தம்பி அன்றைக்கு எடுத்திருந்த லீவை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தில் வேலைக்குப் போயிருந்தான். லிப்ட் நின்றிருந்தது. படியேறினோம். என் முழங்கால் மாடிக்கு மாடி என்னைத் திட்டியது. மொட்டைமாடிக்குப் பக்கத்தில் லிப்ட் மோட்டார் இருக்கும் சின்ன அறை. உள்ளே எண்ணெய் வாசனை. தம்பி குந்தி உட்கார்ந்து கயிற்றைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, ரெண்டு பேரும் மேல ஏறி வந்திருக்கீங்க? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"தொடர் பார்த்தியாப்பா?"

"தெரிஞ்ச பொணத்தப் பாக்க எதுக்கு லீவு?" என்று சிரித்தான்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தாள் அடித்தது, படம் எடுத்தது, வேறு எண், எதையும் விடவில்லை. தம்பியின் கை கயிற்றில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது.

"எந்த லென்ஸ் அத்தான்?"

"பிளஸ் நாலு."

"நல்லா மங்கியிருந்துச்சு" என்றான். அதில் கோபம் இல்லை. ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனிடம் சொல்கிற மாதிரி இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"தாளை யாரு பிடிச்சது?"

"நான்தான்ப்பா."

"மன்னிப்பு கேட்டு எழுதுனத உனக்குத்தானே அனுப்பினேன்."

"ஆமா."

"ரெண்டு எழுத்து மாத்திக் குடுத்தே."

"ஆமாப்பா."

துணியை மடித்துப் பெட்டியில் வைத்தான்.

"நீ சொன்னதுதான் சரி. வளையம் அப்படியே இருந்துச்சு. அவ தலை நரைச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்கா."

எழுந்து எங்களுக்குக் கதவைத் திறந்து பிடித்தான். "லிப்ட் இன்னும் ஓட்டிப் பாக்கல. படியிலயே இறங்குங்க. அத்தான், அக்கா கையைப் பிடிச்சுக்கங்க. நாலாவது மாடியில விளக்கு எரியல."

என் வீட்டுக்காரர் அன்று மாலையே தன் பெயரில் உண்மையைக் குழுவில் எழுதினார். வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தம்பியைத் திரும்ப அழைத்து நூறு பேர் எழுதினார்கள். அவன் ஒரே ஒரு வரி அனுப்பினான்: 'நன்ரி. நான் இப்ப அதெல்லாம் பாக்கரதில்ல.'

இரண்டு பிழை. என்னிடம் அனுப்பாமல் நேராகப் போட்டிருந்தான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறான், சாப்பிடுகிறான், என் முழங்காலை விசாரிக்கிறான். என்னோடு சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் எதையும் பார்த்துக் கொடு என்று அனுப்புவதில்லை. குடும்பக் குழுவில் அவன் போடும் ஒவ்வொரு பிழையையும் திருத்தாமல் படித்துவிட்டுப் போனை மூடுகிறேன்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டில் சொல்ல வேண்டிய வார்த்தை அன்றைக்கே சொல்லப்படட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் பேச வாய் திறந்தால் யாரும் கை கழுவ எழுந்து போகாமல் இருக்கட்டும். 'ஒரு தடவ பாத்துக் குடு' என்று உங்களிடம் கேட்கிறவர்கள் கடைசிவரை உங்களிடமே கேட்டுக்கொண்டிருக்கட்டும். நல்லா இருங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் நல்லா இருக்கட்டும்.