வண்டி போகும்வரை

அருள்செல்வி எழுதிய செஸ் புரோகிராம், உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் கணினியில் ஓடினாலும், வேப்பம்பட்டு வழியாக மின்சார ரயில் போகும்போது யோசிப்பதை நிறுத்திவிடும். கடைசிப் பெட்டி கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வண்டி தாமதமானால் அதுவும் தாமதமாகத்தான் நிற்கும். தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் பேச்சும் சண்டையும் ஜெபமும் அப்படித்தான் நடக்கும் என்பதால், வேப்பம்பட்டில் இதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

குறை என்று முதலில் எழுதியவர் பூந்தமல்லி ஸ்ரீகாந்த். செஸ் புரோகிராம்களை ஆடிப்பார்த்து அவர் இணையத்தில் எழுதும் மதிப்புரைகளை நார்வே வரை படித்தார்கள். தொடக்க ஆட்டம் பலவீனம், முடிவில் சிப்பாய்களை வீணாக்குகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, கடிகாரம் ஓடுவதுகூடத் தெரியாமல் நடுவில் தூங்கிவிடுகிறது, எழுதியவருக்கு வேலை தெரியவில்லை என்றார். பூந்தமல்லியில் நடக்கவிருந்த புரோகிராம்களுக்கான போட்டியின் குழுவும், தூக்கத்தைச் சரிசெய்தால்தான் இடம் என்று சொல்லிவிட்டது. அருள்செல்வியின் ஆறு வருட உழைப்பு அந்த ஓர் இடத்துக்காகத்தான் காத்திருந்தது.

அவள் பதில் எழுதவில்லை. கணவன் ஆன்சன்தான் கொதித்தான். "இன்னா அருளு, அவன் ஊரு பூரா சொல்லிகினு கீறான், நீ வாயத் தொறக்காம குந்திகினு கீற?"

"அவரு சொன்னதுல பாதி கரெக்டுதான். மீதி..." என்றபோது அரக்கோணம் வண்டி வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வண்டி போனது. "...அவருக்குப் புரியாது" என்றாள்.

தொடக்க ஆட்டத்தையும் சிப்பாய்களையும் திருத்தினாள். நிறுத்தத்தைத் தேடியபோது அது எந்த வரியிலும் இல்லை. அவள் எழுதாதது அது. ரயில் சத்தமே எட்டாத அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு வீடு பிடித்து, மழைக்காலம் முழுவதும் அங்கே தங்கி, முதலிலிருந்து எழுதிப்பார்த்தாள். வேப்பம்பட்டில் வண்டி போகும்போது அதுவும் நின்றது. அன்றுதான் அவளுக்கு அதன்மேல் பெருமை வந்தது. பெற்றவளைப் போலவே இருப்பதை எதற்குத் திருத்த வேண்டும்? அப்படியே குழுவுக்கு அனுப்பினாள்.

ஸ்ரீகாந்தை நடுவராக வைத்துக் குழு பூந்தமல்லியில் நடத்திய சோதனை ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பராமரிப்புக்காக வண்டிகள் ரத்தான நாள். புரோகிராம் ஒரு கணமும் நிற்காமல் ஆடியது. ராணியைச் சும்மா கொடுத்துத் தோற்றது.

"இப்பதான் தூங்கவே இல்லியே, இன்னா ஆச்சும்மா?" என்று சிரித்தார் ஸ்ரீகாந்த்.

"இன்னிக்கு வண்டி இல்ல சார். மூச்சு வுடாம யோசிச்சா யாருக்குமே மூள கெட்டுப்பூடும். நாளிக்கு வச்சுப் பாருங்க."

திங்கட்கிழமை வண்டிகள் ஓடின. ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் புரோகிராம் யாரும் நினைக்காத ஒரு காயை நகர்த்தியது. ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரில் ஆடிய புரோகிராமும் கூடவே நின்றது. ஆட்சேபிக்க எழுந்த ஸ்ரீகாந்த், மின்சார ரயிலே எட்டாத பூந்தமல்லியில், திறந்த வாயோடு, வேப்பம்பட்டில் வண்டி முழுவதும் போகும்வரை நின்றார். பிறகு, "ஆடட்டும்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

குழு இடம் கொடுத்தது. அருள்செல்வியின் புரோகிராம் அந்தப் போட்டியில் இரண்டாவதாக வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து, வண்டி போகும் நேரத்தில் எல்லாக் கடிகாரங்களையும் நிறுத்திவைப்பது வழக்கமாயிற்று. நார்வேயிலிருந்து வருகிறவர்கள் காரணம் கேட்பதில்லை. எழுந்து டீ குடிக்கப் போகிறார்கள். அருள்செல்வி மட்டும் தன் புரோகிராமின் பக்கத்திலேயே, கைகளைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.