மல்லாட்டைக் கொல்லையில் விமல்ராஜ்

அடி அண்ணாமலையில் பிறந்து, பெங்களூரில் பத்து வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய விமல்ராஜுக்கு ஊரைத் திருத்தும் ஆசை வந்தது. ஞாயிறுதோறும் ரமணாசிரமம் பக்கத்துக் காபிக்கடை மாடியில் 'பகிர்ந்து வாழ்வோம்' என்று கூட்டம் நடத்தினான். வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் அங்கே எதுவும் பகிரப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்பாவின் முக்கால் ஏக்கரில் நிலக்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, போட்டிருந்தான். கூலியாட்கள் செடியைப் பிடுங்கிப் போட்ட மறுநாள் மத்தியானம் மலைக்குப் பின்னால் வானம் கறுத்தது. உதவிக்கு ஆள் கிடைக்கவில்லை. "உடனே வாருங்கள், செடியை மூட வேண்டும்" என்று கூட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான். இருநூறு பேர் இருந்த குழு. நாற்பது பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். ஒரு அம்மாள், "நல்ல அதிர்வுகளை அனுப்புகிறேன்" என்று எழுதினாள். அதிர்வு வந்து சேர்வதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது.

பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாளும் வள்ளியும் இன்னும் மூன்று பெண்களும்தான் ஓடி வந்தார்கள். அந்த ஐந்து பேரும் கூலியில்லாமல் ஒருத்தி நிலத்தில் மற்றவர்கள் முறைவைத்து வேலை செய்கிறவர்கள். விமல்ராஜ் எவர் நிலத்திலும் கால் வைத்ததில்லை. இருந்தாலும் அரை மணியில் செடியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள்.

அவன் உருகிப்போனான். "பெரிம்மா, கூட்டத்துல உங்க அஞ்சு பேருக்கும் பொன்னாடை போத்தப் போறேன்."

"போத்திக்கினு களை எடுக்கறதா?" என்றாள் வெள்ளையம்மாள். "வியாழக்கிழமை என் கொல்லையில மல்லாட்டை ஆயணும். காலைல ஆறு மணிக்கு வந்துடு."

வியாழக்கிழமை ஆறு மணிக்கு அவன் வரவில்லை. கூலி பேசி இரண்டு பேரை அனுப்பினான். வெள்ளையம்மாள் அவர்களுக்குக் கூழ் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

"ஆள் புடிக்க எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நாங்க ஆளா அனுப்பினோம்? அவனை வரச் சொல்லுங்க."

பத்து மணிக்கு வந்தான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை. வந்ததும் போனை நீட்டி, "இதுதாங்க உண்மையான பகிர்வு" என்று அதனிடம் பேசத் தொடங்கினான். வள்ளி போனைப் பிடுங்கித் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"குந்து. காயைப் பாத்து ஆயி, பிஞ்சை விட்டுடு."

குந்தினான். ஐந்து நிமிஷத்தில் கால் மரத்தது. அரை மணியில் கட்டைவிரல் கொப்பளித்தது. எழுந்து போகப் பார்த்தான். ஐந்து பேரும் நிமிராமல் ஆய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துத் திரும்ப உட்கார்ந்தான். சாயங்காலம் வள்ளிக்கு நாலு கூடை சேர்ந்திருந்தது. அவனுக்கு அரைக் கூடை, அதிலும் பாதி பிஞ்சு.

"கஷ்டமாத்தான் இருக்குது, பெரிம்மா" என்றான்.

"பேசறதை விட ஜாஸ்திதான்" என்றாள் வெள்ளையம்மாள். "ஞாயித்துக்கிழமை வள்ளி கொல்லை."

"ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்குதே."

"அப்போ கூட்டத்தையே இட்டுக்கினு வா."

குழுவில் சொல்லிப் பார்த்தான். ஒருவரும் வரவில்லை. ஞாயிறு காலை அவன் மட்டும் பழைய லுங்கியில் வரப்பேறி வந்தான்.

"அரை மணி லேட்டு" என்று சொல்லிவிட்டு, வள்ளி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.